பெயர்சூட்டலும் நினைவுகூரலும்: குலசிங்க நீர்த்தேக்கத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

மாத்தளை மாவட்டத்தின் நாவுலைப் பகுதியில், அம்பன் கங்கையை மறித்து எழுப்பப்பட்டிருக்கும் பேரணை பொதுமக்கள் வழக்கில் மொரகஹகந்த என்றே அறியப்படுகின்றது. மொர மரம் நிற்கும் மலை என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். 2007 சனவரியில் வேலை தொடக்கிவைக்கப்பட்டு, 2017 சனவரியில் நீர் தேக்கப்பட்டு, 2018 சனவரியில் வைபவரீதியாகத் திறந்துவைக்கப்பட்ட இந்நீர்த்தேக்கத்துக்கு அதிகாரபூர்வமான பெயர் வேறொன்றுண்டு. குலசிங்க நீர்த்தேக்கம் என்பதே அது. 1919 இல் பிறந்து 2006 இல் மறைந்த பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் நினைவாக இடப்பட்ட பெயராகும். தொழினுட்பத் துறையில் முன்னோடியாக விளங்கிய ஒருவரை, அவர் மறைந்தபின், ஒரு சமூகம் எவ்வாறு நினைவிற் கொள்ளல் வேண்டும் என்னும் வினாவை இப்பெயர் எம்முன் நிறுத்துகின்றது. புலவரையும் எழுத்தாளரையும் நினைவுகூரும் முறை பற்றித் தமிழ்த் திறனாய்வாளர் ஓரளவேனும் விவாதித்துள்ளனர். அணை கட்டியவரையும் பாலம் அமைத்தவரையும் பற்றி அவ்வாறு விவாதிக்க நாம் இன்னும் முற்படவில்லை. அவ்விவாதத்தைத் தொடக்கிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இப்பெயர்சூட்டலின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே மேற்செல்லுதல் தகும். இந்நாட்டின் பெருநீர்நிலைகளுக்கு அரசியற்றலைவர் பெயரிடுதல் பழகிப்போன வழக்கம். கல்லோயாத் திட்டத்தின் பெருநீர்த்தேக்கம் சேனாநாயக்க சமுத்திரமாயிற்று. பராக்கிரமபாகுவின் சமுத்திரத்தை முன்னுதாரணமாகக் கொண்டால் இவ்வழக்கம் எண்ணூறு ஆண்டுகளேனும் பழையது. செய்வித்தவன் பெயர் நிற்கும். செய்தவன் பெயர் மறையும். அந்நிலையில், 50 கோடி கன மீற்றருக்கு மேல் நீர் கொள்ளும் ஒரு நீர்நிலைக்கு ஒரு பொறியியலாளரின் பெயரை இட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், பெயர் இட்டதோடு கடன் தீர்ந்ததா என்பதே கேள்வி.

குலசிங்க யார் என்பதை அறியாமல் இக்கேள்விக்கு விடை காணல் இயலாது. கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவிற் பணியாற்றிய காலத்திலேயே முன்தகைத்த கொங்கிறீற்று முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர் அவர். 1956 ஆம் ஆண்டுப் புத்த ஜயந்தியை ஒட்டிக் கொழும்புத் துறைமுகத்தின் வாயிலில் தொடங்கப்பெற்ற சம்போதி சைத்தியம், ஒன்றையொன்று ஊடறுக்கும் கொங்கிறீற்று வளைவுகளின் மீது, வீதிக்கு மேலே உயர்ந்து நிற்கின்றது. களுத்துறையில் அவர் அமைத்த தாதுகோபம் உள்ளே வெறுமையானது. உள்ளே நுழைந்து நின்று அண்ணாந்து பார்க்கத்தக்கது. தாதுகோபம் என்றாலே செங்கல் மலை என்றிருந்த நாட்டில், மெல்லிய ஓடொன்றே தாதுகோபமாகலாம் என்று காட்டியமை சிறிய காரியமன்று. 1965 இல் கொழும்பில் எழுந்த கோள்மண்டபத்தின் தாமரை வடிவக் கூரையும் அவர் கைவண்ணமே. 1962 இல் நிறுவப்பட்ட அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவராக அவர் இருந்தார். 1974 இல் தோன்றிய தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையமும் அவர் முயற்சியின் பயனே.

முன்தகைத்தல் என்பதை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரு புறமும் தாங்கப்பட்ட உத்தரமொன்றின் மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்பாகம் இழுபட்டுப் பிளக்கின்றது. இதனை எதிர்கொள்ளப் பழைய வழி, உத்தரத்தைத் தடிப்பாக்கி, உள்ளே இரும்பை மிகுதியாக இடுதல். புதிய வழியோ, வலிய உருக்குக் கம்பிகளை இழுத்து இறுக்கி, பாரம் ஏறுமுன்னரே கொங்கிறீற்றை அமுக்கத்துக்கு உள்ளாக்கி வைத்தல். பின்னர் வரும் இழுவை, முன்னரே இட்ட அமுக்கத்தைக் கழித்த பின்னரே கொங்கிறீற்றைத் தீண்டும். பிரெசினே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் 1928 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இதன் சாரம் எமது கொல்லர் அறியாததன்று. வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை ஏற்றும் கொல்லன் அதனைப் பழுக்கக் காய்ச்சியே ஏற்றுகின்றான். பட்டை ஆறிச் சுருங்க, ஆரக்கால்களும் குறடும் ஒன்றோடொன்று நெருக்குண்டு, பாதையின் அதிர்ச்சிக்கு முன்னரே ஆயத்தமாகின்றன. குறைந்த பொருளைக் கொண்டு மிகுந்த பாரத்தைத் தாங்குவித்தலே இம்முறையின் பயன். அந்நியச் செலாவணி அருகிய நாட்டில், இறக்குமதியாகும் உருக்கையும் சீமெந்தையும் மிச்சப்படுத்துவது பொறியியல் மட்டுமன்று, பொருளியலும் ஆகும். எடையைக் குறைத்தலே குலசிங்கவின் கலை என்று ஒரு வாக்கியத்திற் சொல்லிவிடலாம்.

இனி அணைக்கட்டை நோக்குவோம். 65 மீற்றர் உயரமான அக்கொங்கிறீற்று அணை, ஈர்ப்பு அணை என்னும் வகையைச் சேர்ந்தது. ஈர்ப்பு அணை தன் எடையாலேயே நிற்பது. நீரின் தள்ளுகையைத் தன் பாரத்தால் எதிர்ப்பது. எவருடைய கலை எடையைக் குறைப்பதாக அமைந்ததோ, அவருடைய பெயர் எடையையே தன் பலமாகக் கொண்ட ஒரு கட்டடத்துக்குச் சென்று சேர்ந்தது. அணை தொடங்கப்பட்டது அவர் மறைந்த மறு ஆண்டில். பணம் சீன வங்கியின் கடன். கட்டியது சீன நிறுவனம். உள்நாட்டுப் பொறியியலாளரால், உள்நாட்டு மூலப்பொருளால் ஆகாதது மிகச் சிலவே என்பதைத் தன் வாழ்நாள் முழுதும் செயலிற் காட்டிய ஒருவரை நினைவுகூர, அந்நியக் கடனில் அந்நிய நிறுவனம் கட்டிய அணையைத் தெரிந்தமை முரணாகத் தோன்றவில்லையா? அணையின் பயனையோ, அதனைக் கட்டியவர்களின் திறமையையோ நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மகாவலிப் பெருந்திட்டத்தில் 1960 களிலேயே இடம்பெற்று, பல தசாப்தங்கள் காத்திருந்த அணை அது; வடமத்திய வயல்களுக்கு அதன் நீர் இன்றியமையாதது. நாம் சொல்வது, அப்பெயரிலிருந்து அம்மனிதரின் சிந்தனைக்குச் செல்லும் வழி எதுவும் இல்லை என்பதே. பெயரைக் கேட்கும் மாணவன், இவ்வணையைக் கட்டியவர் இவர் என்று எண்ணிக்கொள்வான். உண்மையல்லாத ஒன்றை நினைவிற்கொள்வதும் ஒருவகை மறதியே.

இவ்விடத்தில் விமலசுரேந்திரவை ஒப்புநோக்கலாம். 1918 இல், இந்நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்வலு பெறும் சாத்தியத்தைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரையாக வாசித்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபானவின் நீரையே அவர் சுட்டினார். பெருந்தடைகளுக்குப் பின்னர் லக்சபானத் திட்டம் 1950 இல் மின் வழங்கத் தொடங்கியது. மூன்றாண்டு கழித்து அவர் மறைந்தார். 1965 இல் நோட்டன்பிரிஜ்ஜுக்கு அண்மையில் இயங்கத் தொடங்கிய மின் நிலையத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. அவர் கட்டியதன்று அந்நிலையமும். எனினும், அவர் கூறிய ஆற்றில், அவர் கூறிய காரியத்துக்காக அது நிற்கின்றது. அப்பெயரை விளக்கப் புகும் ஆசிரியர் 1918 ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சொல்லாமல் விளக்க முடியாது. பெயர் கருத்துக்கு வழிகாட்டுகின்றது. பொருந்திய நினைவுப் பெயருக்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

பெயர்சூட்டலை விட்டு நினைவுரைகளுக்கு வருவோமாயின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. தொழினுட்ப முன்னோடி ஒருவர் மறைந்தால் எமது பத்திரிகைகளும் மலர்களும் வழங்கும் சொற்கள் சிலவே. ‘இத்துறையின் தந்தை’ என்பது ஒன்று. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்பது மற்றொன்று. பின்னதைச் சற்று ஆராய்தல் தகும். ஒரு கவிஞன் மறைந்தால் அவ்விழப்பு ஈடுசெய்ய முடியாதது என்பதில் உண்மையுண்டு. அவன் எழுதாது விட்ட பாடலை வேறொருவன் எழுதல் இயலாது. பொறியியலாளனின் நிலை வேறு. தான் செய்ததைப் பிறரும் செய்யத்தக்கதாக ஆக்கிவிட்டுச் செல்வதே அவன் வெற்றி. அவன் போனபின் அவ்வேலை நின்றுவிடுமாயின், அவன் கருவி செய்தானேயன்றி மரபொன்றை உண்டாக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். ‘ஈடுசெய்ய முடியாத’ என்னும் தொடர் புகழ்ச்சியாகத் தோன்றினும், தொழினுட்ப முன்னோடியைப் பொறுத்தவரை அது குற்றச்சாட்டாகவே முடிகின்றது. குலசிங்க தொடக்கிய ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மலிவான தளமுறை, முன்தகைத்த சிறு உத்தரங்களை நிரைப்படுத்தி அவற்றின் மேல் மெல்லிய கொங்கிறீற்றுத் தளம் இடுவது, இன்று சாதாரண மாடி வீடுகளிலும் பயிலப்படுகின்றது. அதனை இடும் மேசன்மாருட் பலர் குலசிங்கவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அவர் வெற்றிக்கு அதனிலும் சிறந்த சான்று எது?

அங்ஙனமாயின் பெயரே வேண்டாமா என்று கேட்கப்படலாம். அவ்வாறு நாம் கொள்ளவில்லை. தமிழ் மரபில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தொல்காப்பியம் நடுகல் எடுத்தலைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகப் படிமுறையாக வகுத்துள்ளது. வாழ்த்து இறுதியிலேயே வருகின்றது என்பது நோக்கற்பாலது. செங்கம் வட்டாரத்தில் வெளிப்பட்டு, 1972 இல் நூலாகத் தொகுக்கப்பெற்ற நடுகற்களை வாசிப்போர் ஓர் உண்மையை உணர்வர். அக்கற்கள் வீரனைப் பொதுப்படப் புகழ்வதில்லை. எவருடைய ஆட்சியாண்டில், எந்த ஊரில், எதன்பொருட்டு, என்ன செய்து பட்டான் என்பதையே சொல்கின்றன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் செயலும்கூடப் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரும் செயலும் பிரியாது நின்ற மரபு அது. உடனிருந்தவரை, அவர் நாயேயாயினும், விடாது குறித்த மரபும் ஆகும். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வழங்கிய கல்வெட்டு என்னும் அந்தியேட்டிப் பாடல்களிலோ குலமும் கிளையும் மலிந்தன; செயல் மெலிந்தது. இன்றைய நினைவு மலர்கள் அவற்றின் வழித்தோன்றல்களே.

செயலைக் குறியாத இடத்தைக் கதை வந்து நிரப்பும். இதற்கு முல்லைப் பெரியாறு அணை தக்க சான்று. 1895 இல் நிறைவுற்ற அவ்வணையைக் கட்டிய ஜோன் பென்னிகுயிக்கைத் தேனி மாவட்ட உழவர் தம் வீடுகளிற் படமாக வைத்துப் போற்றுகின்றனர். அவர் பிறந்த நாளான சனவரி 15 ஆம் நாளில் பொங்கலிட்டு வணங்குகின்றனர். 2013 இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. நீரைப் பெறுவோரே நினைவைப் பேணுவது மிகவும் உயர்ந்த நிலை என்பதில் ஐயமில்லை. ஆயின், அவர்களிடையே மிகப் பரவிய செய்தி யாது? அரசு கைவிட்டபோது அவர் இங்கிலாந்து சென்று தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது. இதற்கு ஆவணச் சான்று எதுவும் காட்டப்பட்டதில்லை. அணை அரசாங்கச் செலவிலேயே எழுந்தது. மேற்கு நோக்கி அரபிக் கடலுக்கு ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அருஞ்செயல் இருக்க, விற்கப்படாத சொத்து ஏன் நினைவிற் பெரிதாயிற்று? தியாகியைப் புகழ எமக்குச் சொற்கள் உண்டு. கணக்கறிந்து காரியம் முடித்தவனைப் புகழச் சொற்கள் இல்லை. எனவே பொறியியலாளனைத் தியாகியாக்கிப் புகழ்கின்றோம். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் அங்கே மாண்ட தொழிலாளரோ எக்கதையிலும் இடம்பெறவில்லை.

பென்னிகுயிக்குக்கு முற்பட்ட ஆர்தர் கொட்டன் இவ்விடயத்தில் ஒரு படி மேலானவர். கொள்ளிடத்தின் மேலணையையும் கோதாவரி அணையையும் கட்டிய அவர், ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் கலையைக் கல்லணை கட்டிய பழையோரிடமே தாம் கற்றதாக எழுதிவைத்தார். முன்னோடிக்கும் முன்னோடி உண்டு என்பதைத் தாமே ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அது.

மாத்தளைக்கு மீள்வோம். முன்னோடிக்கு முன்னோடியைத் தேடுவோர்க்கு அம்பன் கங்கையை விடப் பொருத்தமான இடம் இல்லை. அவ்வாற்றின் நீரைத் திருப்பிய எலஹெரக் கால்வாயை, மகாவம்சம் வசப மன்னனோடு தொடர்புபடுத்தும் ஆலிசாரக் கால்வாய் என ஆய்வாளர் இனங்கண்டுள்ளனர். அந்நீரையே மகாசேனனின் மின்னேரியாக் குளம் பெற்றது. பிசோகொட்டுவ எனப்படும் மதகுக் கிணற்றை அமைத்து, பெருங்குளத்தின் நீரழுத்தத்தை அடக்கி வெளிவிடும் நுட்பத்தை இந்நாட்டார் மிகப் பழங்காலத்திலேயே கண்டறிந்திருந்தனர் என்பதை, நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட தமது நூலில் விரித்துரைத்தார். அதனைக் கண்டறிந்தவர் பெயர் எமக்குக் கிட்டவில்லை. குளஞ்செய்வித்த மகாசேனனோ மின்னேரித் தெய்வமாகவே ஆகிவிட்டான். இம்மாவட்டத்துத் தமிழர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து, வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். வீதி வெட்டியவரும் அவர்களே. 1880 இல் மாத்தளைக்கு வந்த புகையிரதப் பாதையில் உழைத்தவரும் அவர்கள் வழியினரே. முன்னோடியின் நினைவுச் சின்னம், இவர்களை மறைக்கும் திரையாக ஆகிவிடுதல் கூடாது.

இன்னொரு வகை நினைவும் எம்மிடையே உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, அந்நீரை யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரும் திட்டத்தை 1954 இல் முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என வழங்கும் அத்திட்டம் முழுமை பெறவில்லை. எனினும், வடக்கின் நீர் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அவர் பெயர் எழுகின்றது. ஆதரிப்போரும் மறுப்போரும் அவருடைய எண்ணத்தையே எடுத்து வாதிடுகின்றனர். முடிந்த அணையொன்றில் ஒட்டப்பட்ட பெயரைவிட, முடியாத திட்டமொன்றின் வாதத்தில் வாழும் பெயர் உயிருள்ளது என்பது எமது கருத்து. அவரே இலங்கைத் தமிழர் வாழ்க்கை வரலாற்று அகராதியொன்றை ஆங்கிலத்தில் தொகுத்து 1997 இல் வெளியிட்டார் என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். பிறர் வாழ்வைப் பதிவு செய்ய ஒரு பொறியியலாளர் முன்வந்தார். பொறியியலாளர் வாழ்வைப் பதிவு செய்யத் தமிழ் அறிஞர் எத்தனை பேர் முன்வந்தோம்?

இக்குறை மொழியோடும் தொடர்புடையது. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். தமிழரிடையே தாம் ஆற்றிய மருத்துவ ஊழியத்தையே தம் கல்லறையிற் பொறிக்க வேண்டும் என்பது 1884 இல் மறைந்த அவரது விருப்பம். அவர் பெயரை நாம் மறவாமைக்குக் காரணம் அக்கல்லன்று. அவர் ஆக்கிய தமிழ் நூல்களே. பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. தகைப்பு, அமுக்கம், இழுவை ஆகிய சொற்கள் எமக்கு உண்டு. அச்சொற்களைக் கொண்டு சம்போதி சைத்தியத்தின் வளைவுகள் எவ்வாறு நிற்கின்றன என்று விளக்கும் கட்டுரையைத்தான் காணோம். உக்குவளையிலோ இறத்தோட்டையிலோ தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவியொருத்தி, தன் மாவட்டத்து நீர்த்தேக்கத்தின் பெயருக்குரியவர் என்ன செய்தார் என்று அறிய விரும்பினால், அவள் கையில் நாம் என்ன கொடுக்கப்போகின்றோம்?

செய்யக்கூடியவை சில உண்டு. அணையருகே பெயரோடு ஓர் உத்தரத்தின் மாதிரியையும் வைத்து, முன்தகைத்தல் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை மூன்று மொழிகளிலும் காட்டலாம். அவருடைய வரைபடங்களும் கணிப்புத் தாள்களும் எங்கெங்கு உள்ளனவோ அங்கிருந்து படியெடுக்கப்பட்டு, பல்கலைக்கழக நூலகங்களிற் சேர்க்கப்படல் வேண்டும். வெற்றியோடு பிழைத்தவையும் திருத்தியவையும் அங்கே இருத்தல் வேண்டும். அடித்தெழுதிய தாளிலிருந்தே இளம் பொறியியலாளன் மிகுதியாகக் கற்கின்றான். யாவற்றிலும் அவசரமானது பிறிதொன்று. அரச பொறியியற் கூட்டுத்தாபனம் தொடங்கிய 1962 இல் இருபது வயதினராய் அதில் தொழிலுக்குச் சேர்ந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். கம்பி இழுத்தவர், அச்சுப்பலகை அடித்தவர், வரைபடம் கீறியவர் என அவர்களுட் பலதிறத்தார் உளர். அவர்கள் கண்டதையும் செய்ததையும் அவரவர் மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்யும் பணியை எமது சங்கங்கள் அடுத்த ஆண்டுக்கென ஒத்திவைக்காமல் இவ்வாண்டிலேயே தொடங்குதல் வேண்டும்.